கப்பல் நின்ற பக்கம்

அத்தியாயம் 9

ஒரு தென்னங்குருத்து ஓலை. அவ்வளவுதான். பூட்டு இல்லை, வேலி இல்லை, காவலுக்கு ஆள் இல்லை. இரண்டு தென்னைகளுக்கு நடுவே இடுப்பு உயரத்தில், வெளிறிய குருத்தைப் பின்னிக் குறுக்கே கட்டியிருந்தார்கள். வத்லாய்த் தீவில் அதைத் தாண்டி ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள்.

பெத்ரோனெலாவும் வைக்கவில்லை. அறுபத்திரண்டு வயசுப் பெண்பிள்ளை, கையில் தட்டோடு ஓலைக்கு இப்பால் நின்றாள். தட்டில் மரவள்ளி ரொட்டி, ஒரு துண்டு புகைபோட்ட சூரை மீன். ஓலைக்கு அப்பால் முப்பதடி தள்ளி அவள் புருஷன் தோபியாஸின் கல்லறை. அவர் போய் எட்டு மாதம். சனிக்கிழமை தவறாமல் தட்டு வைத்துவிட்டு வந்தவள், ஊர்த்தலைவர் இந்த ஓலையைக் கட்டியதிலிருந்து மூன்று வாரமாக இங்கேயே நின்று பார்த்துவிட்டுத் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகிறாள்.

“பிச்சுப் போட்டுடட்டுமா?” என்றான் போனி.

“கையை எடு,” என்றாள் சலோமினா.

“ஓலைதானே அக்கா. எங்க மகாஸார்ல இதுல அரிசியைப் போட்டு அவிச்சுத் திம்போம்.”

“இங்க இதுல மனுஷனையே கட்டிப் போடுவாங்க. கட்டினவன் கையாலதான் அவுக்கணும். வேற எவன் தொட்டாலும் ஊரை விட்டுப் போகணும்.”

சலோமினா துவால் நகரத்தில் இருபத்திரண்டு வருடம் போலீஸ்காரியாக இருந்தவள். தன் இஷ்டத்துக்கு வேலையை விட்டு வந்து, இப்போது யார் கூப்பிட்டாலும் துப்புத் துலக்கப் போகிறாள். கோபம் வந்தால் கத்த மாட்டாள். மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டு மெல்லுவாள். ஒரு நாளில் எத்தனை கிராம்பு போயிற்று என்பதை வைத்து அவள் கோபத்தைச் சொல்லிவிடலாம் என்பது போனியின் கணக்கு. போனி பதினைந்து வருடம் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்துவிட்டு, இப்போது அவளுக்குத் துணையாகச் சுற்றுகிறவன். கடல் ஒத்துக்கொள்ளாத கப்பல் சமையல்காரன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான்.

“நல்லா யோசிச்சுச் சொல்லு அக்கா,” என்று பெத்ரோனெலாவின் பக்கம் திரும்பினாள் சலோமினா. “உன் புருஷன் இந்தத் தோப்பை வித்தாரா?”

“இல்லை.”

“ஊர்த்தலைவர் மார்செலினுஸ் வீட்டுல ஃபோட்டோ இருக்காம். உன் புருஷனும் தலைவரோட அப்பாவும் தேங்கா உடைச்சுக் கைமாத்தின ஃபோட்டோ. அது என்ன?”

பெத்ரோனெலா கடலைப் பார்த்தாள். கரைக்கு நேரே கடலுக்குள் இரண்டு தலையோடு ஒரு பாறை நின்றது. ஒரு தலையில் மட்டும் ஒற்றை மரம். மேற்குக் காற்று மாதம் என்பதால் அலைகள் பாறை மேலேறி வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தன.

“அதைப் பத்தி நான் சொல்ல முடியாது தங்கச்சி.”

“தெரியாதா, சொல்ல முடியாதா?”

“சொன்னா தோப்பு போயிடும்.”

“சொல்லாட்டியும் இன்னிக்கு மத்தியானம் போகப் போகுது! பத்து மணிக்குக் கப்பல் வருது. கம்பெனிக்காரன் இறங்கி வருவான். ஊர்ப் பெரியவங்க கைநாட்டு வைப்பாங்க. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பும்போது உன் தோப்பும் அதுல ஏறிப் போயிடும். அப்புறம் உன் வீட்டுக்காரர் மேல ஹோட்டல் ரூம் கட்டுவான்!”

பெத்ரோனெலா கல்லறைப் பக்கம் திரும்பினாள். அழப் போகிறாள் என்று நினைத்தான் போனி. அவள் அழவில்லை. “என்னைத் திட்டு. திட்டிட்டு நீயே கண்டுபிடி. உன்னைக் கூப்பிட்டது அதுக்குத்தான்,” என்றாள்.

சலோமினா முதல் கிராம்பை வாயில் போட்டாள்.

* * *

ஊர்த்தலைவர் மார்செலினுஸின் வீடு குடாவைப் பார்த்த மேட்டில், தகரக் கூரையும் நீல வர்ணமுமாக இருந்தது. போகிற வழியில் கிளெமென்ஸ் கிழவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். எண்பத்து நாலு வயசு. ஊர்ப் பெரியவர்களிலேயே மூத்தவர். இவர்கள் கடந்துபோகும்போது கண்ணாடி இல்லாமல், ஒரே தடவையில், வலை ஊசியில் நூலைக் கோத்தார்.

“என்ன பெரியவரே, தோப்பு விஷயம் உங்களுக்குத் தெரியாதா?” என்று சலோமினா கேட்டாள்.

“வலை கிழிஞ்சு போச்சும்மா,” என்றார் கிழவர். அதற்கு மேல் தலை நிமிரவில்லை.

தலைவர் வாசல் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்காரவைத்துக் காப்பியும் பலகாரமும் கொடுத்தார். நாற்பது வயசு. கிராம்பு சிகரெட்டின் புகையை மேலே விட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

“வாங்க சலோமினா. பெத்ரோனெலா மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவம், பையன் இல்லாத வீடு. ஒரு பொண்ணு, அதுவும் சோரோங்ல எங்கேயோ வேலை. பொம்பளைங்களுக்கு நிலத்துல என்ன பேச்சு இருக்கு, நீங்களே சொல்லுங்க.”

“நானும் பொம்பளைதான் தலைவரே.”

“நீங்க போலீஸ்ல இருந்தவங்க. அது வேற.”

இரண்டாவது கிராம்பு.

அவர் உள்ளே போய், சுவரில் மாட்டியிருந்த படத்தையும் ஒரு காகிதத்தையும் கொண்டுவந்தார். பழுப்பேறிய காகிதம். தட்டச்சு செய்த எழுத்து. ஜனவரி பன்னிரண்டு, 1984. மேற்குக்கரைத் தோப்பை முழு உரிமையோடு கொடுத்தேன் என்று தோபியாஸ் பெயரில் ஒரு கையெழுத்து.

“அன்னிக்கே எடுத்த ஃபோட்டோ இது. தோப்புல வச்சு எடுத்தது. அப்போ இருந்த பாதிரியார்கிட்ட காமிரா இருந்துச்சு.”

அகலமான அட்டைச் சட்டத்துக்குள் படம். இருபத்தைந்து வயசுத் தோபியாஸ் சிரிக்கிறார். பக்கத்தில் தலைவரின் அப்பா, ஒட்டிய கன்னம், பயந்த கண். பின்னால் அமைதியான கடல். கடலில் ஒற்றைத் தலைப் பாறை, அதில் ஒரு மரம். பாறைக்கு முன்னால் நங்கூரம் போட்ட கப்பல். இடது ஓரத்தில் மரத்தூண் ஒன்றின் விளிம்பு, அதில் கட்டிய துணி.

“தேங்கா உடைச்சாங்களா?”

“உடைக்காம நிலம் கைமாறுமா?” என்று சிரித்தார் தலைவர். “கண்ணுள்ள மூடி எங்க அப்பா கைக்கு வந்துச்சு. கண்ணில்லாத மூடி தோபியாஸ் கைல.”

அது அந்தத் தீவுகளின் பழைய பத்திரம். தேங்காயை இரண்டாக உடைப்பார்கள். நிலத்தையே கொடுத்தால், மூன்று கண்ணுள்ள மூடி வாங்குகிறவன் கைக்குப் போகும். இருந்து சாப்பிட மட்டும் இடம் கொடுத்தால், கண்ணுள்ள மூடியைக் கொடுக்கிறவனே வைத்துக்கொள்வான். கண்ணில்லாத மூடிதான் மற்றவனுக்கு. கண் வைத்திருப்பவன் நிலத்தைப் பார்த்துக்கொள்வான். கண்ணில்லாதவன் காயை மட்டும் தின்பான். எழுதப் படிக்கத் தெரியாத காலத்திலிருந்து நீதிமன்றம் வந்துவிட்ட இந்தக் காலம் வரைக்கும் செல்லுபடியான பேச்சு இது.

போனி படத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். “தலைவரே, ஒரு சந்தேகம். இதுல ரெண்டு பேருக்கும் கையே இல்லையே?”

உண்மைதான். அட்டைச் சட்டம் நெஞ்சுக்குக் கீழே படத்தை மறைத்திருந்தது.

“சட்டம் கொஞ்சம் சின்னதா அமைஞ்சு போச்சு,” என்றார் தலைவர், படத்தை வாங்கிக்கொண்டே. “ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. ஒருத்தராவது நான் சொல்றது பொய்னு சொல்றாங்களா? எல்லாரும் வாயை மூடிக்கிட்டு இருக்காங்க இல்ல? அதுதாங்க சாட்சி.”

சொல்லிவிட்டுச் சிரித்து, புகையை மேலே விட்டார். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. ஊரே ஏன் பேசாமல் இருக்கிறது என்று இவனுக்குத் தெரியும் என்று சலோமினாவுக்குப் பட்டது. மூன்றாவது கிராம்பு கசந்தது.

* * *

“கம்பெனிக்காரன் மூஞ்சியை முதல்லயே பார்த்துடணும்,” என்று சலோமினா மலைப்பாதையில் ஏறினாள். பின்னால் போனி மூச்சு வாங்கினான். தீவின் நடு முதுகு அது. மேற்கே ஊர், கிழக்கே கப்பல் வரும் கரை. ஏறி இறங்க ஒரு மணி நேரம். நேற்று மழையில் இதே பாதையில்தான் வந்திருந்தார்கள்.

“நேத்து வந்த கொப்புளமே இன்னும் உடையலை,” என்று புலம்பினான் போனி. “கேக்கறேன் அக்கா, ஊர் இருக்கறது மேக்கால. கப்பலைக் கொண்டுபோய்க் கிழக்கால நிறுத்தறான். வீட்டு வாசல்லயே நிறுத்தினா கப்பலுக்கு என்ன கேடு?”

“கிறுக்கா. மேற்குக் காத்துல அந்தக் குடாவுக்குள்ள நங்கூரம் போட்டா, அரை மணி நேரத்துல பவழப்பாறை கப்பலைக் கிழிச்சுடும். கிழக்குக் காத்து மாசத்துலதான், ஜூன் ஜூலைலதான், கப்பல் மேக்கால நிக்கும். ஜனவரில எந்தக் கப்பல்காரனும்...”

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்த போனி அவள் முதுகில் மோதினான்.

“என்ன அக்கா, பாம்பா?”

“ஃபோட்டோல கப்பல் எங்க நின்னுச்சு?”

“பாறைக்கு முன்னால.” அவன் வாய் மெல்லத் திறந்தது. “பாறை மேக்கால இருக்கு.”

“கடல் எப்படி இருந்துச்சு?”

“சப்பாத்தி மாவு தேச்ச பலகை மாதிரி.”

“அது ஜனவரி இல்லை. இன்னொண்ணு. காலைல தோப்புலேர்ந்து பார்த்தோமே, பாறைக்கு எத்தனை தலை?”

“ரெண்டு.”

“ஃபோட்டோல?”

“ஒண்ணு. அட, அப்போ பாறைக்கு ஒரு தலை அப்புறமா முளைச்சுதா?”

“முளைக்கலை. பார்க்கற இடம் மாறினா ஒரு தலை இன்னொண்ணுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கும். தலைவர் வீட்டு வராந்தாவுல உக்காந்து காப்பி குடிச்சியே, கடலைப் பார்த்தியா?”

“நான் பலகாரத்தைத்தான் பார்த்தேன்.”

“நான் பார்த்தேன். ஒரே தலை. அந்த ஃபோட்டோ தோப்புல எடுத்ததே இல்லை. அவன் வீடு இருக்கற அதே மேட்டுல எடுத்தது. ஓரத்துல ஒரு தூண், துணி கட்டி. புது வீட்டுக்கு முதல் தூண் நட்டாத்தான் துணி கட்டுவாங்க.”

போனி ஒரு கல்லில் உட்கார்ந்தான். “தலைவரோட அப்பா வீடு கட்டறார். சரி. அங்க தோபியாஸுக்கு என்ன வேலை? அதுவும் தேங்காயோட?”

சலோமினா ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். படத்தில் இருந்த அந்தப் பயந்த கண்கள் அவள் முன்னால் நின்றன. நிலம் வாங்குகிறவனுக்கு அந்தக் கண் இருக்காது. கடல் ஊரைக் கொண்டுபோய்விட, பெண்டாட்டி பிள்ளைகளோடு படகில் வந்து இறங்கி, யாராவது ஒரு மூலை கொடுப்பார்களா என்று நிற்கிறவனின் கண் அது. மேட்டில் அந்த மூலையைக் கொடுத்தவர் தோபியாஸ்.

அப்போதுதான் அவளுக்குப் பெத்ரோனெலாவின் வாய்ப்பூட்டு புரிந்தது. ஊரின் வாய்ப்பூட்டும் புரிந்தது.

“போனி, இந்தத் தீவுகள்ல ஒரு சட்டம் இருக்கு. தேங்கா உடைச்சு ஒரு குடும்பத்தை ஊருக்குள்ள உக்கார வச்சாச்சுன்னா, அன்னிலேர்ந்து அவங்க இந்த மண்ணுல பொறந்தவங்க. ‘நீ வந்தவன்’னு அவங்களை ஒருத்தரும் சொல்லக் கூடாது. சண்டைல கூடச் சொல்லக் கூடாது, குடிச்சுட்டுக் கூடச் சொல்லக் கூடாது. சொன்னா, சொன்ன வீட்டுக்காரன் தன் தோப்பை அபராதமா அவங்களுக்கே குடுத்துடணும்.”

“நல்ல சட்டம்தானே?”

“ரொம்ப நல்ல சட்டம்! வந்தவன் மனசு நோகக் கூடாதுன்னு பெரியவங்க வச்சது. அதைத்தான் அந்தப் பாவி கத்தியா புடிச்சுக்கிட்டு நிக்கறான். உண்மையைச் சொன்னாலும் தோப்பு அவனுக்கு, சொல்லாட்டியும் அவனுக்கு. இவங்க நல்ல மனசை வச்சே இவங்க கழுத்தை அறுக்கறான்!”

“அப்போ நான் சொல்றேன். நான் மகாஸார்காரன், எனக்கு இங்க ஒரு தென்னங்கீத்து கூட இல்லை. அபராதம் என்ன குடுப்பேன், என் செருப்பையா?”

“நேத்து ராத்திரி யார் வீட்டுல சாப்பிட்டே?”

“பெத்ரோனெலா பெரியம்மா வீட்டுல. மீன் கொழம்பு அற்...” போனி நிறுத்தினான். “ஓஹோ. நான் சொன்னா அவங்க சொன்ன மாதிரியா?”

“நான் சொன்னாலும் அப்படித்தான். அந்த வார்த்தை நம்ம பக்கத்துலேர்ந்து வரவே கூடாது.”

கீழே கிழக்குக் கரையில் கப்பலின் சங்கு ஊதியது. சலோமினா நான்காவது கிராம்பைத் தேடி மடியில் கைவிட்டாள். “மறைச்சு வச்ச அந்த நாலு கையை அவன் வாயாலயே ஊருக்குச் சொல்ல வைக்கணும்,” என்றாள்.

* * *

ஊர்க்கூடத்தின் ஜன்னல்கள் மேற்குக் கடலைப் பார்த்தவை. பன்னிரண்டு மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் ஒன்றரைக்குத்தான் தொடங்கியது. கம்பெனிக்காரர் ஹண்டோகோ மலைப்பாதையில் இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து, கால்சட்டையெல்லாம் சேறாக வந்து சேர்ந்திருந்தார். ஐந்து பெரியவர்கள் முன்வரிசையில். மேஜைமேல் வரைபடம், காகிதம், மைப்பெட்டி, சட்டம் போட்ட அந்தப் படம்.

“நேரம் இல்லை. பெரியவங்க கைநாட்டு வச்சா முடிஞ்சுது,” என்றார் தலைவர்.

சலோமினா எழுந்தாள்.

“பொம்பளைங்க பின்வரிசைல உக்காரட்டும்.”

“உக்காந்துதான் இருந்தேன். அங்கேர்ந்து ஃபோட்டோ தெரியலை,” என்று சொல்லிக்கொண்டே அவள் முன்னால் வந்தாள். “மூணே கேள்வி தலைவரே. அப்புறம் நான் போயிடறேன். ஃபோட்டோ எந்த மாசம்?”

“ஜனவரி.”

“எந்த இடம்?”

“தோப்புல.”

“கண்ணுள்ள மூடி யார் கைல?”

“எங்க அப்பா கைல. ஆயிரம் தடவை சொல்லியாச்சு!”

“நன்றி. இதுவும் ஜனவரி மாசம். கம்பெனி ஐயா, நீங்க வந்த கப்பல் இப்போ எங்க நிக்குது?”

ஹண்டோகோ கால்சட்டையைக் குனிந்து பார்த்தார். “அந்தக் கோடில. மலைக்கு அந்தப் பக்கம். இந்த ஜன்மத்துல மறக்க மாட்டேன்.”

“ஜன்னல் வழியா இந்தக் கடலைப் பாருங்க. இங்க நிக்குமா?”

வெளியே அலை பாறையில் மோதி மரத்தின் உயரத்துக்கு எழும்பியது. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சலோமினா படத்தை எடுத்துச் சுற்றிக் காட்டினாள். “ஃபோட்டோல கப்பல் இங்க நிக்குது. நங்கூரம் போட்டு, நிம்மதியா.”

தலைவரின் சிகரெட் பாதியில் நின்றது. “வேற மாசமா இருக்கும். நாப்பது வருஷம் ஆச்சு, ஞாபகம் மாறியிருக்கும். பத்திரத்துல தேதி இருக்கு இல்ல?”

“இருக்கட்டும். தோப்புலேர்ந்து பார்த்தா பாறைக்கு எத்தனை தலை?”

“ரெண்டு!” என்று பின்வரிசையிலிருந்து மீன் விற்கும் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்.

“ஃபோட்டோல ஒண்ணுதான் இருக்கு. அப்போ இடமும் தோப்பு இல்லை.”

“கப்பல், பாறை, காத்து! என்ன விளையாட்டா இது?” தலைவர் மேஜையைத் தட்டினார். “நம்ம ஊர்ல நிலத்துக்குச் சாட்சி மூடிதான். கண்ணுள்ள மூடி எங்க அப்பா கைல இருந்துச்சு. இல்லைன்னு சொல்ற ஆம்பளை எவனாவது இருந்தா எழுந்து சொல்லட்டும்!”

ஒருவரும் எழவில்லை. ஐந்து பெரியவர்களும் தரையைப் பார்த்தார்கள். பெத்ரோனெலா கடைசி வரிசையில் முழங்காலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் தோப்பு போய்விடும்.

“ரொம்பச் சரி தலைவரே,” என்றாள் சலோமினா, குரலைத் தாழ்த்தி. “மூடிதான் சாட்சி. ஃபோட்டோவைச் சட்டத்துலேர்ந்து எடுங்க. உங்க அப்பா கையை ஊர் பார்க்கட்டும். பார்த்துட்டா நானே முதல்ல சரின்னு சொல்றேன்.”

“அது எங்க அப்பாவோட நினைவு. கண்ணாடி உடையும். முடியாது.”

“சரி விடுங்க,” என்று பெருமூச்சு விட்டான் போனி. “கம்பெனி ஃபைலுக்குக் கை இல்லாத ஃபோட்டோவே போதும்னா நமக்கென்ன? நாளைக்கு மேலிடத்துல கேட்டா ஐயா பதில் சொல்லிக்குவார்.”

ஹண்டோகோவின் புருவம் ஏறியது. மணிக்கட்டைப் பார்த்தார். அவருக்கு ஊரும் தெரியாது, மூடியும் தெரியாது. நாலு மணிக் கப்பல் மட்டும்தான் தெரியும். “ஒரு நிமிஷம். சாட்சியே அந்தக் கைதான்னு நீங்களே சொல்றீங்களே தலைவரே. அப்போ கை தெரியற படம் எனக்கு வேணும். ஒரே நிமிஷம், செல்ஃபோன்ல எடுத்துக்கறேன்.”

“வேண்டாம் சார்...”

“கண்ணாடி உடையாது, கவலைப்படாதீங்க.” அவர் சாவிக்கொத்திலிருந்த நகவெட்டியை விரித்து, சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளை வரிசையாக நெம்பினார். தலைவர் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது. கைநாட்டு வாங்க வந்தவரின் கையை எப்படித் தட்டிவிடுவது?

அட்டை கழன்றது. படத்தின் கீழ்ப் பகுதி பின்பக்கமாக மடித்து ஒட்டப்பட்டிருந்தது. ஹண்டோகோ அதைப் பிரித்து நீவி மேஜைமேல் வைத்தார்.

நாலு கைகள். இரண்டு மூடிகள்.

முன்வரிசை முழுக்கக் குனிந்தது. பின்வரிசைப் பெண்கள் பெஞ்சுமேல் ஏறி நின்றார்கள். சொல்லக் கூடாத வார்த்தைக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது.

கிளெமென்ஸ் கிழவர் மெல்ல எழுந்தார். படத்துக்கு அருகே போனார். கண்ணை இடுக்கினார். கையைக் குவித்துப் பார்த்தார்.

“எனக்குப் பார்வை மங்கிப் போச்சு,” என்றார். “ஒண்ணும் தெரியலை. மார்செலினுஸ், உன் அப்பாதானே? நீயே பார்த்துச் சொல்லுப்பா. உங்க அப்பா கைல எந்த மூடி?”

காலையில் ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்த கை போனியின் நினைவுக்கு வந்தது. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டான்.

“பெரியவரே...”

“சொல்லுப்பா. எனக்குத்தான் பார்வை இல்லை, உனக்குக் காதும் கேக்கலையா?”

தலைவர் சுற்றிலும் பார்த்தார். மூன்று வாரமாகத் தரையைப் பார்த்த கண்கள் எல்லாம் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. சிகரெட் விரலைச் சுட்டது. உதறினார்.

“கண்... கண்ணில்லாதது.”

“கண்ணுள்ளது?”

“தோபியாஸ் கைல.”

“பின்னால நிக்கற தூண் எந்த வீட்டுத் தூண்?”

தரையைப் பார்த்தபடி தலைவர் சொன்னார்: “எங்க வீடு.”

கிழவர் தலையை ஆட்டினார். “நான் ஒண்ணும் சொல்லலை. பெத்ரோனெலா ஒண்ணும் சொல்லலை. ஊர்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலை. நீயேதான் சொன்னே. கண்ணுள்ள மூடி தோபியாஸ் வீட்டுக்கு. அந்த வீட்டுல இன்னிக்கு யார் இருக்காங்களோ அவங்க கைல. ஆம்பளைன்னும் பொம்பளைன்னும் மூடில எழுதலை.” மைப்பெட்டியை எடுத்து மூடித் தன் மடியில் செருகிக்கொண்டார்.

ஹண்டோகோவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. “ஒரு நிமிஷம், அப்போ தலைவர் வீடு இருக்கற இடம் யாரோடது?”

எல்லோரும் மரியாதையாகக் கூரையைப் பார்த்தார்கள்.

“ஃபைல்ல ‘மலையேறணும்’னு மட்டும் எழுதிக்கோங்க சார்,” என்றான் போனி. “கப்பல் அந்தப் பக்கம் நிக்குது.”

சலோமினா ஜனவரித் தேதி போட்ட காகிதத்தை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள். தலைவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. அந்தத் தட்டச்சும் அந்தக் கையெழுத்தும் தானாக முளைக்கவில்லை. அதைச் செய்து கொடுத்த ஆளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்போது வேறு வேலை இருந்தது.

* * *

கட்டினவன் கையால்தான் அவிழ்க்க வேண்டும். தோப்புக்கு ஊரே நடந்து வந்தது. மார்செலினுஸ் முடிச்சில் கை வைத்தார். மூன்று வாரக் காற்றில் ஓலை முறுகியிருந்தது. நகம் உடைய உடைய அவிழ்த்தார். யாரும் உதவப் போகவில்லை.

பெத்ரோனெலா தட்டோடு உள்ளே போனாள். கல்லறை மேல் விழுந்து கிடந்த மட்டையை எடுத்துத் தூரப் போட்டாள். தட்டை வைத்தாள். “தாமதமாயிடுச்சு. என் தப்பு இல்லை,” என்றாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல. உடனே எழுந்து வெளியே வந்து மார்செலினுஸ் முன்னால் கையை நீட்டினாள்.

“குடு.”

“என்னது?”

“ஓலையை.”

அதை வாங்கிக்கொண்டு அவள் நடந்தாள். அறுபத்திரண்டு வயசுக் காலுக்கு அத்தனை வேகம் எங்கிருந்து வந்ததோ, ஊர் பின்னால் ஓட வேண்டியிருந்தது. நீல வர்ண வீட்டு மேட்டில் நின்றாள். வாசலில் மார்செலினுஸின் பெண்டாட்டி கைக்குழந்தையோடு மிரண்டு நின்றாள். அந்தக் கண்களும் பயந்த கண்கள்தான்.

பெத்ரோனெலா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாசலை விட்டு விலகி, முற்றத்தில் காய்த்துத் தொங்கிய தென்னைகளிடம் போனாள். முதல் இரண்டு மரங்களுக்கு நடுவே, அதே ஓலையை, இடுப்பு உயரத்தில் இழுத்துக் கட்டினாள். முடிச்சைப் பல்லால் இறுக்கினாள்.

“வீட்டுல இரு,” என்றாள் மார்செலினுஸிடம். “என் புருஷன் குடுத்த இடம், நான் திருப்பி வாங்க மாட்டேன். உன் புள்ளைங்க இங்கேயே பெரிசாகட்டும். நீ யாருன்னு நானும் சொல்ல மாட்டேன், சாகற வரைக்கும் சொல்ல மாட்டேன். ஆனா தேங்கா தின்னது போதும். குழம்புக்கு ஒரு காய் வேணும்னாலும் என் வீட்டு வாசல்ல வந்து நின்னு, கண்ணுள்ள மூடி யார் கைலன்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போ.”

மலைக்கு அந்தப் பக்கம் கப்பலின் சங்கு ஊதியது. சலோமினா மடியைத் தடவிப் பார்த்தாள். கிராம்பு தீர்ந்து போயிருந்தது.